மழைப் பாதையில் டயர்: வாங்கும்போதும் பூட்டும்போதும்

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பாதைகள் காய்வதே அரிது. இங்கு டயரின் முதல் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது.

அதைச் செய்பவை தவாளிப்புகள். அவை தேய்ந்தால் ரப்பருக்கும் தாருக்கும் நடுவே நீர் படலமாக நிற்கும். சக்கரம் அதன்மேல் மிதந்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கைகொடுக்காது. அவிசாவளை – இரத்தினபுரி ஏ4 வீதியில் வேகமாகப் போகும்போது இதுவே ஆபத்து. தோட்டத்து இறக்கங்களில் வேகம் குறைவு. அங்கே சேறும் பாசியுமே சறுக்கிவிடும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. மழைக்கு அது போதாது. 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

ஜப்பானில் ஓடி இறக்குமதியாகும் வாகனங்களில் சிலவேளை பனிக்கால டயரே பூட்டியிருக்கும். பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னமோ, 'ஸ்டட்லெஸ்' என்ற எழுத்தோ அதைக் காட்டிக்கொடுக்கும். 7 பாகை செல்சியஸுக்குக் கீழும் இறுகாதிருக்கச் செய்த மென்மையான ரப்பர் அது. இங்குள்ள சூட்டில் விரைவில் தேயும். நனைந்த தாரில் வாகனம் நிற்க அதிக தூரம் எடுக்கும். நெருக்கமான வெட்டுகளைக் கண்டு நல்ல பிடிப்பு என்று ஏமாறக்கூடாது.

பழைய டயரில் புது ரப்பர் ஏற்றியவை மலிவு. முச்சக்கர வண்டியின் முன்சக்கரத்துக்கு மட்டும் அவை வேண்டாம். வண்டியைத் திருப்புவது அந்த ஒற்றைச் சக்கரம். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். வானிலோ காரிலோ இரண்டு டயர் மட்டும் புதிதென்றால் அவை பின்னுக்கு. அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் இருக்கவேண்டும். காற்றை டயர் சூடேறுமுன் பார்க்கவேண்டும்.

பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. டயரின் அளவையும் அந்த நான்கு இலக்கங்களையும் அதில் எழுதி வாங்கினால், பழையதைப் புதிதென்று தலையில் கட்டியவர் பின்னர் மழுப்ப முடியாது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அதிகார சபைக்கு அனுப்பவேண்டும். விவரம் கேட்க 1977ஐ அழைக்கலாம். தமிழில் எழுதினால் எடுபடாது என்று தயங்கத் தேவையில்லை. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. பழுதான டயரைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாமல், முறைப்பாடு முடியும்வரை பற்றுச்சீட்டோடு வைத்திருக்கவேண்டும்.