ஒருசந்தியும் பிடியரிசியும்

விபூதிப் புதனன்று நம் நெற்றியில் பூசப்படும் சாம்பலில் உயர்வு தாழ்வு இல்லை. நிலமுடையவருக்கு ஒரு சாம்பல், அவர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவருக்கு வேறொரு சாம்பல் என்று திருச்சபை வைத்திருக்கவில்லை. முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்தெடுத்த அதே சாம்பலையே அனைவரும் பெறுகின்றனர். ஆனால் கோயிலைவிட்டு வீடு திரும்பியதும் வேறுபாடு தொடங்கிவிடுகின்றது. ஒரு வீட்டில் ஒருசந்தி என்பது விரும்பி ஏற்கும் தவம். மற்றொரு வீட்டிலோ அது ஆண்டு முழுவதும் விரும்பாமலே நேரும் நிலை. இவ்விரு வீட்டாரும் ஒரே பீடத்தைச் சுற்றி நின்று ஒரே தவக்காலத்தை எவ்வாறு அனுசரிப்பது?

டி. கல்லுப்பட்டி வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த ஆண்டில், மாசியும் பங்குனியும் வீட்டுக் கையிருப்பு கரையும் மாதங்கள். தவக்காலமும் இம்மாதங்களிலேயே வருகின்றது. ஆகவே மேற்கூறிய கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வி அன்று, அடுப்படிக் கேள்வி.

திருச்சபை கேட்பது என்ன?

சட்டத்தை முதலில் தெளிவாக அறிந்துகொள்வோம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி பதினெட்டு வயது நிறைந்தவர்கள் அறுபதாம் வயது தொடங்கும்வரை ஒருசந்திக்குக் கடமைப்பட்டவர்கள். சுத்தபோசனம் பதினான்கு வயது நிறைந்த அனைவருக்கும் உரியது. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் இவ்விரண்டும் சேர்ந்த நாள்கள். நோயாளிகளையும், கர்ப்பிணிகளையும், பாலூட்டும் தாய்மாரையும், கடும் உடலுழைப்பால் பிழைப்போரையும் திருச்சபை வருத்துவதில்லை.

1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் தவத்தைப் பற்றி வெளியிட்ட ‘பெனித்தேமினி’ என்னும் ஏட்டில் நம் கேள்விக்கு நேரடியாகவே விடை உண்டு. வளமான நாடுகளில் வாழ்வோர் தம்மை ஒறுத்து, வறியோருடன் பகிர்ந்து தவத்திற்குச் சான்று பகர வேண்டும் என்கின்றார் அவர். வறுமை மிக்க நாடுகளின் மக்களோ சமூக நீதிக்காக எல்லா வழியிலும் முயன்றுகொண்டே, தங்கள் துன்பத்தைக் கிறிஸ்துவின் சிலுவையோடு இணைத்துச் செபத்தில் ஒப்புக்கொடுப்பது இறைவனுக்கு உகந்தது என்கின்றார். இதன் முற்பகுதியை விட்டுவிட்டுப் பிற்பகுதியை மட்டும் ஏழைக்குச் சொல்வது பெருந்தவறு. பட்டினியைப் பொறுத்துக்கொள் என்று திருத்தந்தை கூறவில்லை. நீதியைத் தேடு, தேடும் பாதையில் நேரும் சிலுவையைத் தனியே சுமக்காதே என்றுதான் கூறுகின்றார்.

வயலிலிருந்து வந்த மனிதர்

வெள்ளிக்கிழமைதோறும் நாம் செய்யும் சிலுவைப்பாதை இதனையே கற்பிக்கின்றது. எருசலேமுக்குச் செல்ல இயலாதவர்களும் ஆண்டவரின் பாடுகளின் வழியே நடக்கவேண்டும் என்று பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் பரப்பிய பக்தி முயற்சி இது. நிலைகள் பதினான்கு என்று 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து உறுதிசெய்தார். தமிழ்க் கத்தோலிக்கரிடையே ‘வியாகுல பிரசங்கம்’ என்னும் நூலைத் தவக்காலத்தில் உருக்கமாக வாசிக்கும் வழக்கமும் இருந்துவந்தது. அதனை இயற்றியவர், கோவாவிலிருந்து ஈழம் சென்று உழைத்து 1742-இல் இறையடி சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். நம் முன்னோர் பாடுகளின் வரலாற்றைக் காதால் கேட்டு, கண்ணீரால் கற்றவர்கள்.

பதினான்கு நிலைகளுள் ஐந்தாம் நிலையில் சற்றே நின்று பாருங்கள். சீரேனே ஊர்ச் சீமோன் நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர் என்று நற்செய்தி கூறுகின்றது. அவர் மனமுவந்து முன்வரவில்லை. படைவீரர் பிடித்து இழுத்துச் சுமத்தினர். அவர் தோளில் ஏறிய சுமை அவர் கேட்டுப் பெற்றதன்று. ஆயினும் அச்சுமையின் மறுமுனையில் இருந்தவர் உலக மீட்பர். காட்டு வேலை முடிந்து, கை கால் கழுவிய ஈரத்தோடு மாலையில் கோயிலுக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு இந்த நிலையை விளக்கப் போதகர் தேவையில்லை. அவர் முழங்காலிடும்போது அந்த நாளின் உழைப்பே அவருடைய செபமாகிவிடுகின்றது.

நோன்புக்கும் கணக்கு உண்டு

உண்ண இருந்தும் உண்ணாதிருப்பவருக்கோ வேறொரு கடமை உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட ‘எர்மாவின் மேய்ப்பர்’ என்னும் பழம்பெரும் நூல் இதனை மிகத் தெளிவாகக் கூறுகின்றது. நோன்பு நாளில் நீ உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடுத்துவிடு என்பது அதன் அறிவுரை. பகிர்வில் முடியாத நோன்பு வெறும் சிக்கனமே. எசாயா இறைவாக்கினர் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் இடித்துரைப்பதும் இதையே.

கணக்கு என்றதும் இவ்வூரோடு பிணைந்த ஒரு பெயர் நினைவுக்கு வருகின்றது. 1940-இல் கோ. வேங்கடாசலபதி அவர்கள் டி. கல்லுப்பட்டியில் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சையில் பிறந்தவர். இலண்டனில் கணக்கியல் பயின்றவர். கத்தோலிக்கர் அல்லர், ஆயினும் கிறிஸ்தவர். சிறையிலிருந்தபோது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி அவர் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவர் மறைந்தார்.

1934-இல் பீகாரில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்திற்குப் பின் நிவாரண நிதியின் கணக்கைக் குமரப்பா பேணினார். தொண்டர் ஒருவரின் நாள் செலவுக்கு மூன்று அணாவே என்று அவர் வரையறுத்தார். காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கே வந்தபோது, அவர்களுடைய செலவை அந்த நிதியிலிருந்து தர இயலாது என்று கூறிவிட்டார். துன்புற்றோருக்கென மக்கள் கொடுத்த காசு, அண்ணலுக்கே ஆயினும், வேறு வழியில் போகலாகாது என்பது அவர் கொள்கை. நம் தவக்காலக் காணிக்கைக்கும் இத்தகைய கணக்குப்பிள்ளை தேவை.

நம் வீடுகளில் செய்யக்கூடியவை

முதலாவது, பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவது நம் பாட்டிமார் பழக்கம். ஒரு பிடி ஐம்பது கிராம் என்று கொண்டால், நாளுக்கு இரு பிடி, நாற்பது நாளில் நான்கு கிலோ ஆகும். ஐம்பது குடும்பங்கள் சேர்ந்தால் இருநூறு கிலோ. அதனைப் பெறுபவர் எந்தக் கோயிலுக்குச் செல்கின்றார் என்று கேட்கவேண்டாம். கொடுத்தவர் பெயரைப் பீடத்தில் வாசிக்கவும் வேண்டாம். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்பது விபூதிப் புதனின் நற்செய்தியே அல்லவா? பானையில் பிடியரிசியைப் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். மறைக்கல்வி அங்கேயே தொடங்கிவிடும்.

இரண்டாவது, கூலி. வேலையாளுக்குச் சேரவேண்டிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிடியரிசி கொடுப்பதில் பயனில்லை. நிறுத்தி வைக்கப்பட்ட கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுகின்றது என்று யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கின்றார். கொடுக்கவேண்டியதைக் கொடுத்தபின் கொடுப்பதே தருமம். நிலமோ கடையோ பட்டறையோ உள்ளவர்கள், பாவசங்கீர்த்தனத்திற்கு வருமுன் கூலிக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

மூன்றாவது, குடி. தவக்காலம் முழுவதும் குடியை விட்டிருக்கும் ஆண்மக்கள் நம் பங்குகளில் பலர். அது பாராட்டுக்குரியது. ஆனால் உயிர்ப்பு ஞாயிறு மாலையே பழைய வழிக்குத் திரும்பினால், அந்த நாள்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீருள் மூழ்கியிருந்ததற்கே ஒப்பாகும். அக்காலத்தில் மிச்சமான பணத்தை மனைவியின் கையில் கொடுங்கள். பிள்ளையின் பள்ளிச் செலவு, பழைய கடன், பெற்றோரின் மருந்து எனச் செலவிடும் வழியை அவர் அறிவார். அந்தக் கணக்கைக் கண்ணால் கண்டவருக்கு நாற்பத்தோராம் நாளும் எளிதாகும்.

நோன்பின் எல்லை

தவக்காலம் ஞானஸ்நானத்தை நினைவுகூர்வதற்கும் தவம் புரிவதற்கும் உரிய காலம் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எடுத்துரைத்தது. சனிக்கிழமை காலையிலேயே முடிந்துவந்த பாஸ்கு வழிபாட்டை 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்ததால், இன்று நாம் இருளில் ஒளியேற்றி நின்று நம் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கின்றோம். நாற்பது நாள் பயிற்சி அனைத்தும் அந்த ஒரு மறுமொழியை நேர்மையோடு சொல்வதற்கே.

அந்த இரவில் பாஸ்குத் திரியின் சுடர் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் செல்லும். சாம்பலைப் போலவே அதிலும் உயர்வு தாழ்வு இல்லை. உங்கள் அருகில் நின்று சுடரை வாங்கிக்கொள்பவர், உங்களிடமிருந்து வாங்கவேண்டிய கூலியையும் வாங்கியிருக்க வேண்டும். அவர் வீட்டு அடுப்பும் அன்று எரிந்திருக்க வேண்டும். அவ்வாறு இருக்குமாயின் நம் தவக்காலம் இறைவனுக்கு உகந்ததாயிற்று என்று துணிந்து கூறலாம்.