‘நாட் ரெஸ்பாண்டிங்’: விண்டோஸ் தரும் ஐந்து விநாடித் தீர்ப்பு

தலைப்புப் பட்டையில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்துவிட்டால் மென்பொருள் படுத்துவிட்டது என்றே பலரும் முடிவு கட்டுகிறார்கள். விண்டோஸுக்கு அவ்வளவு விவரம் தெரியாது. தனக்கு வந்த செய்திகளை ஒரு மென்பொருள் ஐந்து விநாடிகளாக எடுத்துப் பார்க்கவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். விண்டோஸ் 10-இன் இலவச ஆதரவுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த கெடு 2025 அக்டோபர் 14. அதையொட்டிக் கணினியை மாற்றுவோரின் கடிதங்களில், புதுக் கணினியில் இந்தத் தொல்லை இருக்காதல்லவா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் இருக்கும்.

கிளிக், விசை அழுத்தம், திரையை மறுபடி வரையச் சொல்லும் கட்டளை எல்லாமே செய்திகளாக ஒரே வரிசையில் சேர்கின்றன. ஒரே ஒரு த்ரெட்தான் (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் இயக்க இழை) அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கிறது. பட்டனை அழுத்தியதும் இரண்டு லட்சம் வரிகள் உள்ள கோப்பைப் படி என்று அந்த த்ரெட்டிடமே சொல்லிவைத்தால், படித்து முடிக்கும்வரை வரிசை நகராது. பதினாறு கோர் இருந்தாலும் பதினைந்து சும்மா நிற்கும்.

ஐந்து விநாடி கடந்ததும் விண்டோஸ் செய்வது சாமர்த்தியமான வேலை. உண்மையான விண்டோவை மறைத்துவிட்டு, அதன் கடைசித் தோற்றத்தை ஒட்டிய வேறொரு விண்டோவை அங்கே வைக்கிறது. இதற்கு ‘கோஸ்ட் விண்டோ’ என்று பெயர். இந்தப் போலியை நகர்த்தலாம், சுருக்கலாம், மூடலாம். வேறெதுவும் செய்ய முடியாது. சிக்கல் மூடும் பட்டனில் இருக்கிறது. உள்ளே கோப்பைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும் மென்பொருளையும் அது கொன்றுவிடும். அசல் விண்டோவில் என்ன நடக்கிறது என்று போலியைப் பார்த்து யாரும் அறிய முடியாது.

நேரம் பிடிக்கும் வேலையைப் பின்னணி த்ரெட்டுக்குத் தள்ளுவதே தீர்வு. அதற்காக டாட்நெட்டில் 2005-இல் பேக்கிரவுண்ட்வொர்க்கரும், ஜாவாவில் 2006-இல் ஸ்விங்வொர்க்கரும் வந்தன. ஆனால் பின்னணி த்ரெட் திரையிலுள்ள எதையும் நேரடியாகத் தொடக்கூடாது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பூட்டுப் போட்டு அனுமதித்தால் என்ன? கிளிக் இயங்குதளத்திலிருந்து மேலே ஏறி வரும். மென்பொருள் செய்யும் மாற்றம் மேலிருந்து கீழே இறங்கும். இரண்டும் ஒரே பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் கேட்டு, ஒன்று மற்றொன்றுக்காகக் காலமெல்லாம் காத்துக் கிடக்கும். பல த்ரெட் திரைகளை நிறைவேறாத கனவு என்ற கோணத்தில் சன் நிறுவனத்தின் கிரஹாம் ஹாமில்டன் 2004-இல் அலசியது இதை வைத்துத்தான். ஆகவே பின்னணி த்ரெட் தன் முடிவையும் அதே வரிசையில் ஒரு செய்தியாகப் போட்டுவிட்டு ஒதுங்குகிறது.

பின்னணி த்ரெட் திரையைத் தொடக்கூடாது என்ற விதியை மீறுவோரை, டாட்நெட்டின் திரைக் கருவித்தொகுப்பான விண்டோஸ் ஃபார்ம்ஸ் பிடித்துக்கொடுக்கும் என்பார்கள். பாதி உண்மை. வழக்கமான அமைப்பில், பிழை தேடும் கருவியான டீபகர் இணைந்திருக்கும்போது மட்டுமே அந்தச் சோதனை நடக்கிறது. புரோகிராமரின் மேசையில் உடனே பிழை காட்டும் குறை, வாடிக்கையாளரிடம் சத்தமில்லாமல் ஓடி, என்றோ ஒருநாள் கவிழ்க்கும்.

சி ஷார்ப்பில் 2012-இல் வந்த ‘அசிங்க்’ எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? கோப்பு, இணையம் என்று காத்திருக்கும் வேலைகளுக்கு அது நல்லது. கனமான கணக்கைத் தனியே அனுப்பாவிட்டால் அது திரையின் த்ரெட்டிலேயேதான் ஓடும். திரையின் த்ரெட்டை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கலாம்? விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. ரத்து பட்டன்? பின்னணி வேலை தானே அவ்வப்போது கேட்டுப் பார்த்து நின்றால்தான் உண்டு. த்ரெட்டை வலுக்கட்டாயமாக வெட்டும் ‘அபார்ட்’ புதிய டாட்நெட்டில் வேலை செய்யாது. முன்னேற்றப் பட்டை? வரிக்கு ஒரு செய்தி அனுப்பினால் வரிசை நிரம்பித் திரை மறுபடி உறையும். விநாடிக்குப் பத்து போதும்.