ஒரு பிடி அரிசி!

வயல் போய்க் கம்பெனி வந்தது. அறுப்பின் பண்டிகைக்கு எதைக் கொண்டு போவது?

சோறு பொங்க அரிசியை அளந்து எடுக்கிறாள் தாய். உலையில் போடும் முன் அதில் ஒரு பிடி அள்ளுகிறாள். பக்கத்தில் இருக்கும் சிறு கலயத்தில் போடுகிறாள்.

"இது ஆண்டவருக்கு!"

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம் இது. "கைப்பிடி அரிசி" என்று பெயர். கலயம் நிறைந்ததும் கோவிலுக்குப் போகும். (அந்தப் பக்கத்தில் மாதா கோவிலும் கோவில்தான், சபைக் கோவிலும் கோவில்தான்.)

ஒரு பிடி அரிசியால் என்ன ஆகும்?

மிசோரம் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே கிறிஸ்தவப் பெண்கள் 1910-ம் ஆண்டு வாக்கில் இதே பழக்கத்தைத் தொடங்கினார்கள். அன்று அவர்கள் பரம ஏழைகள். மலையில் காட்டை வெட்டிப் பயிர் செய்து பிழைத்தவர்கள். இன்று அந்தப் பிடி அரிசியை விற்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் ரூபாய் சேருகிறது!

கோழி ஏலம்

அறுப்பின் பண்டிகைக்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் மார்வென்ஸ்டோ என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற பாதிரியார் இருந்தார். 1843-ம் ஆண்டு, "விளைச்சலுக்கு நன்றி சொல்லலாம், வாருங்கள்" என்று ஊராரைக் கோவிலுக்கு அழைத்தார். அது ஊர் ஊராகப் பரவியது.

பொங்கல் வைத்துக் கதிரவனைக் கும்பிடும் நம் நாட்டில் அது உடனே ஒட்டிக்கொண்டதில் வியப்பு இல்லை!

பண்டிகை அன்று கோவிலைப் பார்க்க வேண்டும். வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், முட்டை எல்லாம் குவிந்து கிடக்கும். கால் கட்டிய கோழி ஒன்று பிரசங்கத்தின் நடுவே கொக்கரிக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் எலுமிச்சம்பழம் இங்கே நூறு ரூபாய்க்கு மேலும் போகும். எடுத்தவர் அதையே திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார். மறுபடியும் ஏலம்! கடைசியில் எல்லாருக்கும் அசனச் சாப்பாடு. பணக்காரரும் ஏழையும் ஒரே பந்தியில்.

முதல் சம்பளம்

இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். ராமானுஜர் பிறந்த ஊர். ஏரியும் வயலும் சூழ்ந்த வட்டாரம். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஓடி வந்தது. ஒரகடத்தில் 2010-ல் நிசான் கார் வந்தது. டயர், லாரி, மோட்டார் சைக்கிள் என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. தென் மாவட்டத்துப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

இவர்களுக்கு ஏது அறுப்பு? கார்க் கதவைக் கழற்றிக் காணிக்கை வைக்க முடியுமா?

சம்பளம்தான் அறுப்பு! முதல் மாதச் சம்பளத்தை முதற்பலன் என்று கோவிலில் வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. முழுச் சம்பளத்தையும் வைப்பவர்களும் இருக்கிறார்கள். மனம் நிறைந்து வைத்தால் அழகு. ஆனால் வீட்டில் கடன்காரன் வாசலில் நிற்கும்போது, "எங்கே முதற்பலன்?" என்று சபையார் கேட்பது அழகு இல்லை. வற்புறுத்தி வாங்கினால் அது வரி. நன்றி ஆகாது.

கெட்ட சோற்றுக்கும் நன்றியா?

இன்னொரு கேள்வி. அது கொஞ்சம் கடினம்.

2021 டிசம்பரில் நடந்தது இது. ஸ்ரீபெரும்புதூர் அருகே செல்போன் கம்பெனிப் பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு கெட்டது. வாந்தி, பேதி! 100-க்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மற்றப் பெண்கள் கொதித்து எழுந்து, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி மூடப்பட்டது. 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது.

"கிடைத்ததற்கு நன்றி சொல், குறை சொல்லாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படியானால் அந்தப் பெண்கள் செய்தது தப்பா?

தப்பே இல்லை! கர்த்தர் கொடுத்தது சோறு. அதைக் கெடுத்தவன் மனிதன். சோற்றுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லலாம். கெடுத்ததற்காக மனிதனிடம் கணக்குக் கேட்கலாம். ஒரே வாய் இரண்டையும் செய்யலாம்.

இயேசுநாதர் பத்துத் தொழுநோயாளிகளைக் குணமாக்கிய கதை உங்களுக்குத் தெரியும். ஒருவன்தான் திரும்பி வந்து காலில் விழுந்தான். அவனும் யூதர்கள் ஒதுக்கி வைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தை அவர் திரும்பப் பிடுங்கியதாகக் கதையில் இல்லை! நன்றி சொல்லாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்று குழந்தைகளை மிரட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பெனி வேலையில் சாப்பாட்டு நேரம் கொஞ்சம்தான். தட்டைப் பிடித்து வரிசையில் நின்று, இடம் பிடித்து உட்காருவதற்குள் பாதி நேரம் போய்விடும். நீண்ட ஜெபத்துக்கு அங்கே இடம் இல்லை. கண்ணை மூடி இரண்டு நொடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று மனதுக்குள் சொன்னால் போதும்.

கைப்பிடி அரிசிக்கு என்ன செய்வது? விடுதியில் இருக்கிற பெண்ணுக்கு அரிசிப் பானை ஏது? அவள் பங்குக்கும் சேர்த்து, ஊரில் அம்மா இன்னொரு பிடி போட்டால் ஆயிற்று!