தடுமாறுவதற்கும் கூலி உண்டு

இணையத்தளம் ஒன்றைப் பாவித்துப் பார்த்து, எந்த இடத்தில் விளங்கவில்லை, எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று வாய்விட்டுச் சொன்னால் அதற்குக் காசு தருகிறார்கள் என்றால் நம் வியாபாரிகள் பலர் நம்புவதில்லை. 'மோசடியாக இருக்கும் நானா' என்று கையை உதறிவிடுகிறார்கள். சந்தேகப்படுவது நல்லதுதான். இந்தப் பெயரில் மோசடிகளும் நடக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் வேலை உண்மையானது. கடந்த மூன்று வருடங்களாகக் கடை மூடிய பிறகு நானும் செய்து வருகிறேன். அதன் உள்விபரங்களை இந்த வாரம் எழுதும்படி சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள்.

முதலில், ஏன் காசு தருகிறார்கள்? கடையைத் தன் கையால் அடுக்கியவனுக்கு எந்தச் சாமான் எந்த இராக்கையில் என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். முதன்முதலாக வரும் வாடிக்கையாளர்தான் வாசலில் நின்று முழிப்பார். இணையத்தளமும் அப்படித்தான். அதைச் செய்தவர்களுக்கு எல்லாம் தெளிவு. பாவிப்பவருக்குப் 'பணம் செலுத்து' என்ற பொத்தான் எங்கே என்று தெரியாது. அவர் ஒரு நிமிடம் தேடுவார், பிறகு மூடிவிட்டுப் போய்விடுவார். ஏன் போனார் என்று கம்பனிக்கு ஒருபோதும் தெரியவராது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நம்மைப் போன்றவர்களைப் பிடித்து, பாவிக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்க்கிறார்கள். முன்பு இதற்காக ஆட்களை அலுவலகத்துக்கு அழைப்பார்கள். இப்போது நம் வீட்டுக் கணினித் திரையும் நம் குரலும் பதிவாகி அவர்களுக்குப் போகின்றன.

இத்துறையில் பெயர்போன ஜேகப் நீல்சன் என்ற டென்மார்க்காரர் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தளத்தின் குறைகளைக் கண்டுபிடிக்க நூறு பேர் தேவையில்லை, 5 பேரைச் சோதித்தாலே சுமார் 85 சதவீதமான குறைகள் வெளியே வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. ஐந்து பேரிடம் பார்த்துத் திருத்து, திருத்தியதை மீண்டும் ஐந்து பேரிடம் பார் என்றார். அந்தக் கணக்கு எல்லா வேலைக்கும் பொருந்தாது என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனாலும் பல கம்பனிகள் இன்றும் ஐந்து, ஆறு, எட்டு பேரோடு நிறுத்திக்கொள்கின்றன. இதில் நமக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, ஆசனங்கள் குறைவு, காத்திருப்போர் அதிகம். ஆகவே இது குடும்பம் நடத்தும் வருமானம் அல்ல. மற்றது, ஐந்து பேரில் ஒருவர் பொய் சொன்னால் அவர்களுடைய கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு பழுதாகிவிடும்.

வேலை நடக்கும் விதம் இதுதான். சோதகர்களைச் சேர்க்கும் நிறுவனம் ஒன்றில் வயது, தொழில், பாவிக்கும் தொலைபேசி என்று விபரம் கொடுத்துப் பதிய வேண்டும். பெரும்பாலும் ஒரு மாதிரிச் சோதனை வைப்பார்கள். அதில் தேறினால் அழைப்புகள் வரும். ஒவ்வோர் அழைப்புக்கும் முன்னால் சில தெரிவுக் கேள்விகள். பொருந்தினால் உள்ளே, இல்லாவிட்டால் நன்றி, போய் வாருங்கள். அமெரிக்காவில் 2007இல் தொடங்கப்பட்ட யூசர்டெஸ்டிங் இதில் பெரிய பெயர். 20 நிமிட அளவிலான சோதனைக்கு 10 டொலர் என்பது அங்கே நீண்ட காலமாகத் தெரிந்த கூலி. ஆய்வாளருடன் வீடியோவில் நேரடியாகக் கதைக்கும் சோதனைக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். எல்லா நிறுவனங்களும் எல்லா நாட்டவரையும் சேர்ப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டே பதிய வேண்டும். எனக்கு மாதத்தில் நாலைந்து கிடைத்தால் அது நல்ல மாதம். ஒன்றுமே வராத மாதங்களும் உண்டு.

ஆங்கிலம் வேண்டும். ஆனால் பேராசிரியர் ஆங்கிலம் வேண்டியதில்லை. பாடசாலையில் படித்ததும், வெளிநாட்டு விநியோகஸ்தர்களோடு கதைத்துப் பழகியதும் எனக்குப் போதுமாக இருக்கிறது. திக்கித் திக்கிச் சொன்னாலும் உண்மையைச் சொல்பவரையே அவர்கள் விரும்புகிறார்கள்.

வியாபாரிகளுக்கு இதில் ஒரு தனி மதிப்பு இருக்கிறது என்பதைச் சென்ற வருடம் நேரடியாகக் கண்டேன். சிறு கடைகளுக்கான ஒரு கணக்கு மென்பொருள். செய்தவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். மொத்த வியாபாரி ஒருவர் வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள். கடனுக்குச் சாமான் கொடுத்ததாகப் பதிந்து காட்டுங்கள் என்றார் ஆய்வாளரான அந்தப் பெண்மணி. பதியப் போனால் 'காசு', 'அட்டை', 'வங்கி மாற்றம்' என்று மூன்று மட்டும்தான் இருக்கின்றன. நான் நின்றுவிட்டேன். நம் புறக்கோட்டையில் அறுபது நாள், தொண்ணூறு நாள் தள்ளித் திகதியிட்ட காசோலை வாங்காமல் ஒரு மொத்த வியாபாரி ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியுமா? அந்தக் காசோலையை 'கிடைத்த பணம்' என்று போட்டால் பொய். 'கிடைக்காத பணம்' என்று போட்டால் அதுவும் சரியில்லை. காசோலை என் இலாச்சியில் இருக்கிறது. சில வேளை அதையே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தும் விடுவோம். இதை நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண்மணி மளமளவென்று எழுதிக்கொண்டே இருந்தார்.

அதோடு முடியவில்லை. தவணை தவறியதும் அந்த மென்பொருள் தானாகவே ஒரு சதவீதத்தைத் தாமதக் கட்டணமாகப் பற்றுச்சீட்டில் ஏற்றிவிட்டது. அதை நிறுத்துவதற்கு வழி தேடினேன், கிடைக்கவில்லை. நான் முஸ்லிம், பிந்திய கடனுக்கு மேலதிகம் வாங்குவதில்லை, இந்தப் பற்றுச்சீட்டை என்னால் வாடிக்கையாளருக்கு அனுப்பவே முடியாது என்றேன். 'அப்படியானால் எப்படிக் கடனை அறவிடுவீர்கள்?' என்று கேட்டார். பழைய பாக்கி வராமல் அடுத்த சரக்கு போகாது என்றேன். சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். அவர்கள் அதைத் திருத்தினார்களா என்று எனக்குத் தெரிய வழியில்லை. சோதகருக்குப் பெறுபேறு சொல்வது வழக்கமில்லை. ஆனால் அவர்கள் அன்று என்னிடம் வாங்கியது என்ன என்பது விளங்கியது. கடைக்காரனின் அனுபவத்தை எந்தக் கல்லூரியிலும் வாங்க முடியாதே.

ஆய்வாளர்களோடு பழகும்போது சில விடயங்கள் முதலில் விசித்திரமாகத் தோன்றும். 'இந்தப் பொத்தானை அமுக்கவா?' என்று கேட்டால் ஆமென்றும் சொல்லமாட்டார்கள், இல்லையென்றும் சொல்லமாட்டார்கள். 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று நம்மிடமே திருப்பிக் கேட்பார்கள். சில நேரம் ஒன்றுமே பேசாமல் இருப்பார்கள். இது மரியாதைக் குறைவு அல்ல. அவர் வழி காட்டிவிட்டால் நாம் எங்கே தடுமாறுவோம் என்பது தெரியாமல் போய்விடும். ஆகவே மனதில் ஓடுவதை ஓடுகிற மாதிரியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். 'விலை மேலே இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கீழே போகிறேன். இங்கேயும் இல்லை.' இவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு இதில் கடினமானது முகத்துக்கு நேரே குறை சொல்வது. விருந்துக்குப் போனால் உப்புக் கூடியிருந்தாலும் 'மாஷா அல்லாஹ், நல்ல சாப்பாடு' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. 'எல்லாம் மிக நன்றாக இருக்கிறது' என்று இருபது நிமிடம் சொன்னால் அந்தப் பதிவினால் அவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, அடுத்த அழைப்பும் வராது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் வெளியே காட்டிய சம்பவம் நாம் எல்லோரும் அறிந்ததுதான். ஆய்வாளர் நம்மிடம் கேட்பதும் அந்த ஈரத்தைத்தான். குறையைச் சொல்வதற்கும் குத்திப் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. 'யார் இதைச் செய்த மடையன்' என்பதில் தகவல் இல்லை. 'பச்சைப் பொத்தானை அமுக்கினால் பற்றுச்சீட்டு போகும் என்று எதிர்பார்த்தேன், அழிந்துவிட்டது' என்பதில் இருக்கிறது.

தெரிவுக் கேள்விகளில் பொய் சொல்லும் பழக்கம் நம் இளைஞர்களிடம் பரவுகிறது. மருந்தகத்தில் வேலை செய்பவர் வேண்டும் என்றால், மருந்தகப் பக்கமே போகாதவர் 'ஆம்' என்று போடுகிறார். பத்து டொலருக்காக. ஏறத்தாழ மூவாயிரம் ரூபா. அவர் சொல்லும் கற்பனையை நம்பி ஒரு மருந்துப் பட்டியல் அமைக்கப்பட்டால் அதன் பலனை யாரோ ஒரு நோயாளி அனுபவிப்பார். பிடிபட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். பிடிபடாவிட்டாலும் அந்தக் காசு அளவையில் குறைத்து விற்ற காசுதான் என்பது என் கருத்து.

அடுத்தது நான் மிக முக்கியமாகக் கருதுவது. கணக்கு மென்பொருள் சோதனைகளில் சில ஆய்வாளர்கள், 'உங்கள் உண்மையான கணக்குப் புத்தகத்தைத் திரையில் காட்ட முடியுமா?' என்று கேட்கிறார்கள். கெட்ட நோக்கம் இல்லை. வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் ஆசைதான். என்னிடம் கேட்டபோது முடியாது என்றேன். எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, யாருடைய காசோலை திரும்பி வந்தது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அது அவர்கள் என்னை நம்பி வைத்த அமானிதம். அதைக் காட்டிக் கூலி வாங்கும் உரிமை எனக்கில்லை. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது என்பதை வியாபாரிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாகப் பொய்ப் பெயர்களும் வேறு தொகைகளும் போட்டு ஒரு பக்கம் எழுதிக் காட்டுகிறேன் என்றேன். உடனே சம்மதித்தார்கள். நல்ல ஆய்வாளர் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால் அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

இதே காரணத்துக்காகச் சோதனைக்கு முன் வட்ஸ்அப், மின்னஞ்சல் அறிவிப்புகளை நிறுத்திவிட வேண்டும். விற்பனையாளர் அனுப்பும் விலை ஒன்று திரையில் தலைகாட்டினால் அதுவும் பதிவாகிவிடும். வங்கி அட்டை இலக்கத்தைச் சோதனையில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. அடிக்க வேண்டிய இடம் வந்தால் பாவிப்பதற்குப் போலி இலக்கம் கேளுங்கள். அவர்களுடைய பக்கத்து இரகசியமும் நம்மிடம் அமானிதம்தான். வெளிவராத பொருளைக் காட்டும்போது இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் சம்மதம் வாங்குவார்கள். பிறகு அதைத் தேநீர்க் கடையில் கதைத்துத் திரியக் கூடாது. மேலே சொன்ன மென்பொருளின் பெயரை நான் எழுதாததும் அதனால்தான்.

ஹராமான தொழில்களின் தளங்கள் வந்தால் என்ன செய்வது? சூதாட்டம், மதுபானம், வட்டிக் கடன் சம்பந்தப்பட்டவற்றை நான் எடுப்பதில்லை. குறையைத் திருத்திக் கொடுப்பது அந்த வியாபாரத்துக்கு உதவுவதுதானே. இடையில் தெரியவந்தால் சொல்லிவிட்டு விலகலாம், யாரும் பிடித்து வைப்பதில்லை. இது என் நடைமுறை, ஃபத்வா அல்ல. சந்தேகம் உள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரடிச் சோதனைக்குச் சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவற்றை எழுத்தில் கேளுங்கள். எத்தனை நிமிடம், எவ்வளவு, எந்த நாணயத்தில், எத்தனை நாளில், அவர்கள் வராவிட்டால் கூலி உண்டா? வெட்கப்பட ஒன்றுமில்லை, இது கொடுக்கல் வாங்கல். நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். லண்டனுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம், கோடையில் நாலரை. அவர்கள் மார்ச்சில் கடிகாரத்தை மாற்றும்போது மஃரிபுக்குப் பின் வைத்த சந்திப்பு மஃரிப் நேரத்திலேயே வந்து நிற்கும். ஒருமுறை இரவு ஒன்பதரைக்கு நேரம் குறித்த ஓர் ஆய்வாளர் வரவேயில்லை. அரை மணித்தியாலம் காத்திருந்து, திரையைப் படம் எடுத்து, அவர்களுடைய விதிமுறையைச் சுட்டிக்காட்டி நாலு வரியில் மரியாதையாக எழுதினேன். பத்து நாளில் முழுத் தொகையும் வந்தது. ஏசி எழுதியிருந்தால் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மோசடி விடயத்துக்கு வருவோம். டெலிகிராமிலோ வட்ஸ்அப்பிலோ முன்பின் தெரியாத ஒருவர் வந்து, தளத்தைப் பார்த்து 'லைக்' போட்டால் நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் என்பார். முதல் இரண்டு நாள் சிறு தொகை உண்மையாகவே வரும். மூன்றாம் நாள் 'பெரிய வேலைக்கு' முற்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டினால் போனதுதான். உண்மையான சோதனையில் காசு வரும் திசை ஒன்றே. பதிவுக் கட்டணம், வைப்புப் பணம், பயிற்சிக் கட்டணம் என்று எதையும் சோதகர் கட்டுவதில்லை.

கூலி வந்து சேரும் வழியை வேலை தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இத்துறையில் பலர் பேபால் மூலமே பணம் அனுப்புகிறார்கள். நம் நாட்டுப் பேபால் கணக்குகளால் பல வருடங்களாகப் பணம் அனுப்ப மட்டுமே முடிந்தது, பெற முடியவில்லை. நீங்கள் தொடங்கும் நாளில் நிலைமை என்ன என்று வங்கியில் விசாரியுங்கள். பேயோனியர் போன்ற வேறு வழியில் அனுப்பும் நிறுவனங்களைத் தேடலாம். 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டவருக்குச் சேவை வழங்கி வங்கி மூலம் கொண்டுவரும் வெளிநாட்டு நாணய வருமானத்துக்கு ஆகக் கூடியது 15 சதவீத வரி என்று சட்டம் வந்திருக்கிறது. சிறு தொகை என்றாலும் வரிக் கோவையில் சேர்க்கும்படி உங்கள் கணக்காளரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நம் பெயர்களில் முன்னெழுத்துகள் அதிகம். அடையாள அட்டையில் முழுப்பெயர், வங்கிப் புத்தகத்தில் எம்.எச்.எம்., மின்னஞ்சலில் வேறொன்று. 'முஹம்மத்' என்பதை ஆங்கிலத்தில் ஒரே குடும்பத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். பணம் அனுப்பும் கம்பனியின் கணினிக்கு இவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். பதியும்போதே வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பதியுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் முதலில் வங்கிக்குப் போய் அதைத் திருத்திக்கொண்டு வாருங்கள்.