பேர் இருக்கு, சரக்கு இல்லை!

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் கிடக்கிறது. அளவு 0 கேபி. திறந்தால் உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. சரி, தொலையட்டும் என்று டெலிட் அழுத்தினால் 'முடியாது' என்கிறது. காலி ஃபைலுக்கு இத்தனை பிடிவாதமா?

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் கமிஷன் கடைக் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? விவசாயி பேரையும் 'தக்காளி' என்றும் எழுதிவிட்டு, பெட்டிக் கணக்கு எழுதுமுன் கணக்குப்பிள்ளை எழுந்து போய்விட்டால் என்ன ஆகும்? நோட்டில் வரி இருக்கும், சரக்கு இருக்காது. கம்ப்யூட்டரும் முதலில் ஃபைலின் பெயரைப் பதிந்துவிட்டு, அப்புறம்தான் விஷயத்தை எழுதும். நடுவில் கரண்ட் போனால் பெயர் மட்டும் மிஞ்சும்.

விண்டோஸின் கணக்கு நோட்டுக்கு 'மாஸ்டர் ஃபைல் டேபிள்' என்று பெயர். அதில் ஒரு ஃபைலுக்கு வழக்கமாக 1024 பைட் இடம். ஆக, 0 கேபி ஃபைலும் நோட்டில் 1 கேபியைப் பிடித்துக்கொள்கிறது! டெலிட் என்பது அந்த வரியை 'இனி இது காலி' என்று குறித்து வைப்பதுதான்.

அப்படியானால் ஏன் மறுக்கிறது? பெரும்பாலும் வேறு ஏதாவது புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும். வீடியோ பிளேயராக இருக்கலாம், வைரஸ் தேடும் புரோகிராமாக இருக்கலாம். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் பிடி விட்டுப்போகும். உடனே அழித்துவிடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பெயரைப் பாருங்கள். கடைசியில் ஒரு புள்ளியோ இடைவெளியோ ஒட்டியிருக்கிறதா? விண்டோஸ் அதைத் தானே வெட்டிவிட்டு, மிச்சப் பெயரைத் தேடிப் பார்த்து, 'அப்படி ஒன்றும் இல்லையே' என்று கைவிரிக்கும். வீட்டில் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கமாண்ட் விண்டோவில் டெலிட் கட்டளை கொடுக்கும்போது, ஃபைலின் முழு முகவரிக்கு முன்னால் \\?\ என்று சேருங்கள். பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

பெயர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை செய்து பாருங்கள். புது ஃபோல்டருக்கு சி, ஓ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்தைப் பெயராக வையுங்கள். விண்டோஸ் ஒப்புக்கொள்ளாது. விண்டோஸுக்கு முன்பு, 1981-இல் வந்த 'டாஸ்' என்ற இயங்குதளத்தின் காலத்தில், கீபோர்டையும் திரையையும் சேர்த்துக் குறிக்கும் பெயர் அது. அப்போது டாஸில் ஃபோல்டர் என்பதே கிடையாது, 1983-இல்தான் வந்தது. பழைய புரோகிராம்கள் கெட்டுவிடக் கூடாதே என்று, எல்லா ஃபோல்டரிலும் அந்தப் பெயரை ஒதுக்கியே வைத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்தும் அந்தச் சட்டம் நம் தலையில்!

காலி ஃபைல் எல்லாமே குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் 'இனிட்' என்றொரு ஃபைல் உண்டு. பல சமயம் அது காலியாகத்தான் இருக்கும். இந்த ஃபோல்டர் ஒரு தொகுப்பு என்று பைத்தானுக்கு அடையாளம் காட்டுவதே அதன் வேலை. அதை அழித்தால் சில புரோகிராம்கள் ஓடாது. ஆகவே நீங்களே உருவாக்கிய ஃபோல்டரில் கிடப்பதை மட்டும் அழியுங்கள். 'விண்டோஸ்' என்று பெயர் போட்ட ஃபோல்டர் பக்கமே போக வேண்டாம்.