வெண்ணெய் போன வழி

சில ஆண்டுகளுக்கு முன்பு அயர்லாந்தின் கார்க் நகரில் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு மாலையில் மரப்பலகை ஒன்றை என்முன் வைத்தார்கள். அதில் மோர் விட்டுப் பிசைந்த சோடா ரொட்டி. கெட்டியான செடார், நீலப்பூஞ்சை படர்ந்த கேஷல் புளூ, மேற்பரப்பை உப்புநீரால் கழுவிக் கழுவிப் பதப்படுத்திய டரஸ் என மூவகைப் பாலாடைக்கட்டிகள். அருகே ஸ்டௌட் எனப்படும் கருநிற பீர். மது அருந்தும் பழக்கம் இல்லாத எனக்குக் கடுந்தேநீர்.

எதனுடன் எது சேரும் என்பதை நண்பர் விளக்கினார். ஸ்டௌட்டின் கசப்பில் வறுத்த பார்லிக்கும் பங்குண்டு. செடாரின் உப்பும் கொழுப்பும் அக்கசப்பைத் தணிக்கின்றன. நாவில் படியும் கொழுப்பைப் பானத்தின் நுரை அகற்றுகிறது. நெடி மிகுந்த டரஸுக்குப் புளிப்பேறிய ஆப்பிள் சைடரும், உவர்ப்பான கேஷல் புளூவுக்குச் சற்று இனிப்பான எதுவும் பொருந்தும். செடாருக்கு என் தேநீரின் துவர்ப்பே போதுமானதாக இருந்தது. நிரப்புப் பண்டங்களுக்கு ஆண்டுதோறும் காபியையும் சர்க்கரையையும் எடுத்துக்காட்டாகச் சொல்லி ஓய்வுபெற்றவன் நான். இந்தப் பலகையை முன்பே பார்த்திருக்கலாம்.

இது தலைமுறை தலைமுறையாக வந்த விருந்து என்றே எண்ணினேன். அப்படியில்லை. டரஸ் பிறந்தது 1979-இல். கேஷல் புளூ 1984-இல்.

இடைக்கால அயர்லாந்தில் பாலாடைக்கட்டிகள் பலவகை இருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் அவை ஏறத்தாழ மறைந்துபோயின. காரணம், வெண்ணெய். 1770-இல் கார்க் நகரில் அமைந்த வெண்ணெய்ச் சந்தை, தரம் பிரித்து முத்திரையிட்ட மரப்பீப்பாய்களைப் பிரிட்டனுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் அனுப்பியது. குத்தகை விவசாயிக்கு வெண்ணெய் என்பது உணவன்று. நிலவுடைமையாளருக்குக் கட்டவேண்டிய வாரம். வீட்டில் எஞ்சியவை மோரும் உருளைக்கிழங்கும். 1845-இல் கிழங்கை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அந்த ஆண்டுகளிலும் வெண்ணெய்ப் பீப்பாய்கள் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. ரிக்கார்டோவின் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டை நான் இன்றும் ஏற்கிறேன். ஆனால், ஏற்றுமதியின் ஆதாயம் யாருடைய தட்டுக்குப் போகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. வகுப்பில் இதை நான் அழுத்திச் சொன்னதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் பாலாடைக்கட்டி திரும்பி வந்தது, பெரும்பாலும் பிரிட்டிஷ் சந்தைக்கான ஆலைச் செடாராக. பழைய கலையை மீட்டவர்களில் முன்னோடி, பேரா தீபகற்பத்தின் வெரோனிகா ஸ்டீல். ஒற்றைக்கொம்புப் பசு ஒன்று தந்த மிகைப் பாலை என்ன செய்வதென்று, 1970-களில் தம் வீட்டிலேயே அவர் செய்து பார்த்ததுதான் மில்லீன்ஸ். அதைப் பின்பற்றிப் பல பண்ணைகள் முளைத்தன. 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பால் உற்பத்திக்கு உச்சவரம்பு விதித்தது. கறக்கும் பாலைக் கூட்ட முடியாதபோது ஒவ்வொரு லிட்டரின் மதிப்பைக் கூட்டுவதுதானே வழி? பண்ணைப் பாலாடைக்கட்டி அதற்கு இடமளித்தது.

2015-இல் அந்த வரம்பு நீங்கியது. பால் பெருகியது, அதில் பெரும்பகுதி இன்றும் வெளிநாடுகளுக்கே செல்கிறது. நண்பரின் பக்கத்து வீட்டுக்காரர் பால் பண்ணை வைத்திருப்பவர். "கேஷல் புளூவெல்லாம் விருந்தினர் வந்தால்தான்" என்றார் அவர். தம் குழந்தைகளுக்கு அவர் வாங்குவது, உறையிலிட்டு விற்கும் ஆலைச் செடார்.