வெப்ப மண்டலக் கடல்களின் வானிலையும் முன்னறிவிப்பும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், பொன்முடி மலையின் அடிவாரத்தை அடுத்து அமைந்த ஊர் வித்துரா. அது கடற்கரை ஊரன்று. எனினும் அவ்வூருக்குப் பெய்யும் மழை கடலிலேயே பிறக்கிறது. அரபிக் கடலிலிருந்து நீராவியைச் சுமந்துவரும் காற்று, சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியையும் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடத்தையும் எதிர்ப்பட்டு மேலெழுகிறது. மேலெழும் காற்று குளிர்கிறது. அதிலுள்ள நீராவி மழையாக மாறுகிறது. அம்மழைநீர் கல்லாற்றின் வழியாக வாமனபுரம் ஆற்றை அடைந்து, முதலப்பொழியில் மீண்டும் கடலோடு கலக்கிறது. ஆதலின் கடல் வானிலை அறிவிப்பு மீனவர்களுக்கு மட்டும் உரியது என்று கருதுதல் பொருந்தாது. திருவிதாங்கூர் அரசின் நோக்குநிலைய இயக்குநராக விளங்கிய ஜான் ஆலன் புரூன், 1855ஆம் ஆண்டிலேயே அகத்தியர் மலைமீது ஒரு நோக்குநிலையம் அமைத்து வானிலை அளவைகளைப் பதிவு செய்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

கடல் வானிலை அறிவிப்பு கூறுவது யாது, அதனை எவ்வாறு படித்தறிய வேண்டும் என்பவற்றைக் கீழே காண்போம்.

புயல் பிறக்கும் முறை

வெப்ப மண்டலக் கடல்களில் நீரின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 26 அல்லது 27 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படும்பொழுது நீர் மிகுதியாக ஆவியாகிறது. அந்நீராவி உயரே சென்று மேகமாக மாறுகையில், தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வெப்பத்தால் காற்று மேன்மேலும் எழ, கடல்மட்டத்தில் காற்றழுத்தம் குறைகிறது. சுற்றுப்புறக் காற்று அவ்விடம் நோக்கி விரைகிறது.

அக்காற்று நேரே மையத்தை அடைந்துவிட்டால் அழுத்தக் குறைவு நிரம்பிவிடும். ஆனால் பூமியின் சுழற்சியினால் உண்டாகும் கோரியோலிஸ் விசை, காற்றைப் பக்கவாட்டில் திருப்பிச் சுழலச் செய்கிறது. இவ்விசை பூமத்திய ரேகையில் இல்லை. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல மிகுகிறது. எனவே 5 டிகிரி அட்சரேகைக்கு உட்பட்ட கடலில் புயல் தோன்றுவது மிகவும் அரிது. கன்னியாகுமரி சுமார் 8 டிகிரியில் உள்ளது. அதனையொட்டிய கடலில் புயல்கள் அடிக்கடி தோன்றுவதில்லை. இதனால் அக்கரையோர மக்களுக்குப் புயலைப் பற்றிய பழக்கம் குறைவு என்பதையும் கருத வேண்டும்.

பெயரும் வேகமும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை, காற்றின் வேகத்தைக் கொண்டே இக்கொந்தளிப்புகளுக்குப் பெயரிடுகிறது. மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர் வரை வீசினால் அது தாழ்வு மண்டலம். 51 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். அதற்கு மேற்பட்டால் மிகத் தீவிரப் புயல் முதலிய பெயர்கள் வழங்கும். இவ்வளவைகள் மூன்று நிமிட நேரத்துச் சராசரியாகும். இடையிடையே வீசும் சூறைக்காற்றின் வேகம் இவற்றினும் மிகுதியாக இருக்கும்.

காற்று ஒரு பொருளின்மீது செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று 60 கிலோமீட்டராக மாறினால், வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. விசையோ இரண்டேகால் மடங்காகிறது. ஆகவே 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்குப் புயல் என்னும் பெயர் இல்லை என்பது கொண்டு, சிறு படகுக்கு ஆபத்து இல்லை என்று எண்ணலாகாது.

ஒக்கிப் புயல் காட்டியது

2017ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. அது இலங்கையின் தென்பகுதியைக் கடந்து குமரிக் கடலை அடைந்தது. 30ஆம் நாள் முற்பகலில் அது புயலாயிற்று. வங்காளதேசம் அளித்திருந்த ‘ஒக்கி’ என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வங்க மொழியில் அது கண் எனப் பொருள்படும். டிசம்பர் முதல் நாளிலேயே அது மிகத் தீவிரப் புயலாக வளர்ந்து, லட்சத்தீவுகளை நோக்கிச் சென்றது. அகத்தியர் மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலுள்ள பாபநாசத்தில் ஒரே நாளில் சுமார் 45 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று.

வங்கக் கடலின் நடுவே தோன்றும் புயல், கரையை அடையப் பெரும்பாலும் சில நாட்கள் ஆகும். ஒக்கியோ கரைக்கு அண்மையிலேயே வலுப்பெற்றது. தாழ்வு மண்டலம் புயலாக மாறுவதற்குச் சுமார் ஒரு நாளே ஆயிற்று. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் மீனவர் பலர் அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கணக்கானோரை அக்கடலோரக் குடும்பங்கள் இழந்தன.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு, 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கரைசேர 20 மணி நேரம் வேண்டும். எதிர்க்காற்றும் அலையும் மிகுந்தால் இன்னும் நேரம் ஆகும். புயல் என்ற சொல்லைக் கேட்ட பிறகு திரும்பத் தொடங்கும் படகுக்குப் போதிய நேரம் இராது. தாழ்வு மண்டலம் என்ற நிலையிலேயே திரும்ப வேண்டும். அச்செய்தி நடுக்கடலிலும் எட்ட வேண்டும்.

கைப்பேசித் தொடர்பு கரையிலிருந்து சுமார் 10 அல்லது 12 கிலோமீட்டர் வரையே கிட்டும். இக்குறையை நீக்கும் முயற்சியாக, துணைக்கோள் வாயிலாகச் செய்தியைப் பெறும் ‘ஜெமினி’ என்னும் சிறு கருவி 2019ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டது. கேரளத்திற்கும் கர்நாடகத்திற்கும் உரிய புயல் எச்சரிக்கை மையம் ஒன்று 2018ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்டது.

காற்றில்லாத அலை

அலையின் உயரம் மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம். அறிவிப்பில் காணும் அலை உயரம், அலைகளுள் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரியாகும். 3 மீட்டர் என்று அறிவிக்கப்பட்டால், தனியோர் அலை ஏறக்குறைய 6 மீட்டர் வரை எழவும் கூடும்.

காற்று ஓய்ந்த பின்னும் அலை ஓய்வதில்லை. தென் இந்தியப் பெருங்கடலின் தொலைதூரத்தில் கடுங்காற்றால் எழும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாட்களில் கேரளக் கரையையும் குமரிக் கரையையும் வந்தடைகின்றன. வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருக்கையில் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறும். கள்வனைப்போல் ஓசையின்றி வருவதால் மீனவர் இதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயரிட்டனர். ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம் இதனை முன்கூட்டி அறிவிக்கிறது. 2024 மே மாதத்தில், இத்தகைய எச்சரிக்கை நடப்பிலிருந்த நாட்களில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக்குச் சென்ற மருத்துவ மாணவர் ஐவர் அலையிற் சிக்கி உயிரிழந்தனர்.

ஆசிரியர்களும் கள ஊழியர்களும் செய்யத்தக்கவை

அறிவிப்பில் கொந்தளிப்பின் பெயரை மட்டும் நோக்காமல், காற்றின் வேகம், அலையின் உயரம், எந்தக் கடற்பகுதி, எந்நேரம் முதல் எந்நேரம் வரை என்னும் நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்பது கரையில் உள்ளோருக்கு உரியது. ‘கடலில் உள்ளோர் கரை திரும்புக’ என்பது வேறு. இரண்டையும் தனித்தனியே அறிவித்தல் வேண்டும். கரையோர ஊர்களில், எந்தப் படகு எந்நாள் புறப்பட்டது, எந்நாள் திரும்பும் என்னும் பதிவு வைத்தல் மிகவும் பயன்தரும்.

வித்துரா போன்ற மலையோர ஊர்களின் பள்ளிகள் மாணவரைக் கடற்கரைச் சுற்றுலாவிற்கு அழைத்துச் செல்லும் நாளில், மழை அறிவிப்போடு அலை அறிவிப்பையும் பார்க்க வேண்டும். கடலைக் கண்டு பழகாத பிள்ளைகள், வெயில் காயும் வானத்தைக் கண்டு கடலும் அமைதியாயிருப்பதாக எண்ணுதல் இயல்பு. குமரிக் கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்தால், கல்லாறு போன்ற மலையாறுகளில் மாணவர் இறங்காதவாறும் காத்தல் வேண்டும். மலையுச்சியில் பெய்யும் மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்பொழுதே ஆற்றில் வெள்ளமாக வந்து சேரும். நாள்தோறும் வரும் அறிவிப்பை வகுப்பறைக் கரும்பலகையில் எழுதி, மறுநாள் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டுக் காட்டினால், மேற்கூறிய எண்களின் பொருள் மாணவர்க்கு விளங்கும்.